வால்வு பொட்டியும் டிஜிட்டல் டப்பாவும்

பரீட்சை, அசைன்மெண்ட்னு ஆளையே காணாம போயிட்டேன். அதுக்கும் சேர்த்து இன்னிக்கு நீளமான பதிவு. கிடார் பக்கமே போகாதவங்களும் தைரியமா படிக்கலாம், பாதிக் கதை விபத்தும் காப்பியும்தான் :-)

மேட்டர் இதுதான். வாரக் கடைசியில நாங்க வாசிக்கப் போற ரூம்ல, யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருத்தர் பழைய மார்ஷல் வால்வு ஆம்ப் வச்சிருக்கார். அடுத்த மாசம் டொராண்டோவுக்கே குடிபோறார். "தம்பி, நீ எடுக்கிறியோ?"ன்னு கேட்டார். சொன்ன விலையும் அடிமாட்டு விலை. ஆனா என்கிட்ட உள்ளங்கை சைஸுக்கு ஒரு டிஜிட்டல் டப்பா இருக்கு. ஹெட்போனை மாட்டினா அதே மார்ஷல் சத்தம் அதுக்குள்ளேர்ந்தே வருது. அப்புறம் எதுக்குய்யா அந்தப் பாறாங்கல்லு? ரெண்டு வாரமா இதே யோசனை. யோசிக்கப் போய்த்தான் பழைய கதையெல்லாம் கிளற வேண்டியதாச்சு.

வால்வுன்னா வேற ஒண்ணுமில்ல, தாத்தா காலத்து ரேடியோவுக்குள்ள மினுக்குனு எரியுமே, அந்தக் கண்ணாடிக் குழாய்தான். 1906-ல் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் செய்த ஆடியான் இதற்கெல்லாம் மூதாதை. சின்ன மின்னலையை வாங்கிப் பெருசாக்கித் தருவது அதன் வேலை. தாங்குற அளவுக்கு மேல ஏத்தினா அலையோட உச்சி நசுங்கும், சத்தம் கரகரன்னு உடையும். எஞ்சினியர்களுக்கு இது குறை. அதை ஒழிக்கத்தான் அவங்க மண்டையை உடைச்சுக்கிட்டாங்க.

கிடார்க்காரங்க அந்தக் குறையைத்தான் புடிச்சுக்கிட்டாங்க. 1951-ல் மெம்ஃபிஸ் நகரத்தில் 'ராக்கெட் 88' பாட்டைப் பதிவு செய்ய ஐக் டர்னர் குழு வந்தபோது, வழியிலேயே ஆம்ப் அடிபட்டுவிட்டது. சாம் ஃபிலிப்ஸ் ஸ்பீக்கருக்குள்ள காகிதத்தைத் திணிச்சு அப்படியே பதிவு பண்ணிட்டார். 1964-ல் லண்டனில் 'தி கிங்ஸ்' குழுவின் டேவ் டேவிஸ், நல்லா இருந்த ஸ்பீக்கரை பிளேடு போட்டுக் கிழிச்சார். முதல்ல விபத்து, அடுத்தது வேணும்னே.

இப்ப நம்ம ஏரியாவுக்கு வருவோம். 207-ம் நம்பர் பஸ்ஸில் வெஸ்ட் ஈலிங் கனக துர்க்கை அம்மன் கோயிலுக்குப் போறவங்க, இறங்காம இன்னும் கொஞ்ச தூரம் அதே அக்ஸ்பிரிட்ஜ் சாலையில் போனா ஹான்வெல். அங்கேதான் 1960-ல் ஜிம் மார்ஷல் கடை போட்டார். ஆளு கிடார் வாத்தியார்கூட இல்ல, ட்ரம்ஸ் வாத்தியார்! கடைக்கு வந்த பசங்களுக்கு அமெரிக்க ஆம்ப் மேல ஆசை, ஆனா இறக்குமதி விலை கட்டுப்படியாகல. 1962-ல் ஜிம், கென் பிரான், டட்லி க்ரேவன் மூணு பேருமா சேர்ந்து ஃபெண்டர் கம்பெனியின் 'பேஸ்மேன்' ஆம்பைப் பார்த்து ஒண்ணு செய்தார்கள். சர்க்யூட் அப்படியே ஈயடிச்சான் காப்பி. (பேஸ் கிடாருக்குன்னு செஞ்ச ஆம்ப் அது, இது தனிக் கூத்து.)

ஆனா உதிரி பாகம் அங்க கிடைச்சதே இங்க கிடைக்குமா? அமெரிக்க 5881 வால்வு இருந்த இடத்துக்கு சீக்கிரமே இங்கிலாந்தின் கேடி66 வந்தது. பின்பக்கம் திறந்த பெட்டியில் நாலு 10 அங்குல ஸ்பீக்கர் இருந்ததற்குப் பதில், மூடின பெட்டியில் நாலு 12 அங்குல செலஸ்டியன். வாசல்ல இருந்த முதல் வால்வும் இன்னும் முரட்டு ரகம். விளைவு? காப்பியடிக்கப் போனவங்க காப்பியடிக்கத் தெரியாம புதுசா ஒரு சத்தத்தையே பெத்துட்டாங்க. ஜேடிஎம்45 இப்படித்தான் பிறந்தது. 1966-ல் எரிக் கிளாப்டன், ஜான் மேயால் குழுவோடு பதிவு செய்யப் போனபோது அவர்கிட்ட இருந்தது மார்ஷல்தான். ஸ்டூடியோவில் சத்தத்தைக் குறைக்கச் சொன்னாங்க, மனுஷன் குறைக்கல. மைக்கைத் தள்ளி வச்சுத்தான் பதிவு பண்ணினாங்க.

நடுவுல டிரான்சிஸ்டர் வந்தது. மலிவு, லேசு, சூடாகாது. ஆனா எல்லை தாண்டினா வால்வு மாதிரி நசுக்காம கத்திரிக்கோல் போட்ட மாதிரி நறுக்கிடும். கிடார்க்காரங்க பலருக்கு அது ஒத்துக்கல. 1998-ல் லைன் 6 கம்பெனி அவரைக்கொட்டை ஷேப்ல சிவப்பா 'பாட்'னு ஒண்ணு விட்டது. உள்ளே வால்வே கிடையாது, வால்வு எப்படி நசுக்கும்ங்கற கணக்கு மட்டும். 2011-ல் வந்த ஜெர்மனியின் கெம்பர் இன்னும் ஒருபடி மேல. நிஜ ஆம்புக்குள்ள சோதனை ஒலிகளை அனுப்பி, திரும்பி வர்றதைக் கேட்டு, அந்த ஒரு ஆம்பை மட்டும் அச்செடுத்துக்கும். இப்ப இலவச மென்பொருளே சில நிமிஷப் பதிவைக் கேட்டு நியூரல் நெட்வொர்க் மூலமா இதைக் கத்துக்குது.

எவ்வளவு நல்லா கத்துக்குதுன்னா, அண்ணன் எனக்கு ஒரு பரீட்சை வச்சார். ரெண்டு பதிவு, ஒண்ணு அவரோட ஆம்ப், இன்னொண்ணு என் டப்பா. ரொம்பத் தெளிவா டப்பாவைக் காட்டி "இதுதான் வால்வு"ன்னு சொன்னேன். மானம் போச்சு.

ஆனா அவர் ஆம்ப் முன்னாடி நின்னு வாசிச்சா மட்டும் வேற. கால்சட்டை அதிருது, கிடாரோட மரம் நெஞ்சுல நடுங்குது, தந்தியை விட்டாலும் சத்தம் தானா ஊளையிடுது. இதை ஹெட்போன் தராது. அப்புறம்தான் உறைச்சது. டப்பா அச்செடுக்கிறது ஆம்பை இல்ல, அந்த ஆம்ப் முன்னாடி வச்ச மைக் கேட்டதை. மதுரையில கேசட்லயும் எம்பி3லயும் நான் கேட்டு உருகினதும் அதே மைக் கேட்டதைத்தானே? ஆம்ப் முன்னாடி நான் எந்தக் காலத்துல நின்னேன்! அந்த வகையில டப்பா எனக்குப் பொய் சொல்லல.

எனக்கு நெருடுறது வேற. ஹான்வெல்காரங்களுக்கு வாய்ச்ச அந்த 'தப்பு' என் டப்பாவுக்கு வாய்க்காது. அது அச்சுப் பிசகாம காப்பியடிக்குது. கேடி66 தேடி அலையுற வேலையே அதுக்கு இல்ல.

காசுக்கணக்கும் இருக்கு. வால்வு செய்யுற தொழிற்சாலைகள் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனான்னு விரல்விட்டு எண்ணுற அளவுதான். 2022-ல் உக்ரைன் போர் வந்ததும் தட்டுப்பாடு, விலை எகிறிடுச்சு. அண்ணன் ஆம்புல ஒரு வால்வு ஏற்கனவே இழுத்துக்கிட்டு கிடக்கு, வாசிக்காதப்பவும் உர்ர்னு ஒரு இரைச்சல். என் ரூம் சுவரோ அட்டை. பக்கத்து ரூம் ஆளு ரசம் தாளிச்சாலே கதவைத் தட்டுவான்.

நேத்து ஃபோன் போட்டு வேண்டாம்ணேன்னு சொல்லிட்டேன். விக்கிறதுக்கு முன்னாடி ஒருநாள் அதை அச்செடுத்துக்கவான்னு மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல.

"எடு. ஆனா உந்த இரைச்சலையும் சேர்த்து எடு தம்பி, துப்புரவாக்கிப் போடாதை" என்றார்.

சனிக்கிழமை போறேன்.