காய்ச்சக்காரன் ரொட்டி

போன மாசம் அப்பாவுக்கு குடலிறக்க ஆபரேஷன். பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லை, மூணு நாளில் வீடு. இரண்டாம் நாள் டாக்டர் "லேசா ஏதாவது குடுங்க" என்றதும் ஓடிப்போய் ஒரு பிரெட் பாக்கெட்டும் பாலும் வாங்கி வந்தேன். பாக்கெட்டைப் பார்த்ததும் அப்பாவுக்கு முகம் மாறிப்போச்சு. அம்மாவைக் கிட்டக் கூப்பிட்டு, "டாக்டரு என்னமோ மறைக்கறாரு போல. தம்பி ரொட்டி வாங்கிட்டு வந்திருக்கான்" என்றாராம்.

சிரிப்பாத்தான் இருந்தது. ஆனா ஆத்தூர்க்காரனுக்கு இதில் தப்பு கண்டுபிடிக்க முடியாது. எங்க ஊரில் ரொட்டி என்பது சாப்பாடு இல்லைங்க, அது ஒரு தகவல். கையில் ரொட்டிப் பாக்கெட்டோட ஒருத்தர் நடந்து போனால், எதிரில் வருபவர் "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்றுதான் கேட்பார். எனக்கும் சின்ன வயசில் காய்ச்சல் வந்தால் மட்டும்தான் ரொட்டி. பாலில் ஊறிப்போன அந்த வெள்ளைத் துண்டுக்கு ருசியே கிடையாது. கூடவே மாத்திரைக் கசப்பு வேற.

வந்தது வெளியிலிருந்து என்றாலும், உலகம் பூரா ஆசையா சாப்பிடற ஒரு பண்டம் நம்மகிட்ட மட்டும் எப்படி மருந்தாச்சு? ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து யோசித்ததன் விளைவுதான் இது.

முதலில் கதையின் ஆரம்பம். 1510-ல் கோவாவைப் பிடித்த போர்த்துக்கீசியருக்கு ரொட்டி இல்லாமல் பொழுது விடியாது. மாவு பொங்க ஈஸ்ட்டுக்கு எங்கே போறது? தென்னங்கள்ளை ஊற்றிப் பிசைந்தார்கள். கள்ளில் இயல்பாவே ஈஸ்ட் இருக்கு. கள் ஊற்றி ஆப்பம் சுடும் நம்ம பக்கத்து வித்தையும் இதேதான். அவங்க மொழியில் ரொட்டிக்குப் பெயர் 'பாவ்ங்' மாதிரி ஒலிக்கும். அதுதான் பம்பாயில் 'பாவ்', இலங்கையில் 'பாண்'. (1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலா கொண்டு வந்தது எங்க சேலம் மாவட்டத்தில்தான். அதனால் கள்ளு ரொட்டிக்கு எங்களுக்குக் கொடுப்பினை இல்லை :-) )

நமக்கு ரொட்டி வந்தது வேற வாசல் வழியா. வெள்ளைக்காரன் கன்டோன்மென்ட்டும், அவன் கட்டிய ஆஸ்பத்திரியும். நார் இல்லாதது, மென்மையானது, சீக்கிரம் செரிக்கும் என்று நோயாளிக்குப் பாலும் ரொட்டியும் கொடுத்தார்கள். சுதந்திரத்துக்கு அப்புறமும் அரசு ஆஸ்பத்திரிகளில் அந்தப் பழக்கம் தொடர்ந்தது. கிராமத்து ஜனம் ரொட்டியை முதன்முதலா பார்த்த இடமே ஆஸ்பத்திரிக் கட்டில் என்றால், மனசில் வேற எப்படிப் பதியும்?

இரண்டாவது காரணத்தை எங்க ஆயா சொல்லித்தான் தெரியும். 1965, 66 வறட்சி வருஷங்கள். 1956-ல் போட்ட பி.எல். 480 ஒப்பந்தப்படி அமெரிக்காவிலிருந்து கோதுமை கப்பல் கப்பலா வந்தது. 1966-ல் மட்டும் இந்தியா இறக்குமதி செய்த தானியம் சுமார் 1 கோடி டன். ரேஷனில் அரிசிக்குப் பதிலா கோதுமை. "நெல்லு வெளையுற ஊர்ல நின்னுக்கிட்டு கோதுமைக் கஞ்சி குடிச்சோம் கண்ணு" என்பாள் ஆயா. சொல்லும்போது குரலில் ஒரு அவமானம் இருக்கும். 1967 தேர்தலில் ரூபாய்க்குப் படி அரிசி என்ற வாக்குறுதி அவ்வளவு வேலை செய்ததற்குப் பின்னால் இந்த அவமானமும் உண்டு. ஆக, கோதுமை பஞ்சத்தின் அடையாளம், ரொட்டி நோயின் அடையாளம். இரண்டு பக்கமும் அடி.

அதே காலகட்டத்தில்தான் அரசாங்கமே ரொட்டி சுட ஆரம்பித்தது. 1965-ல் கொழும்புத் திட்டத்தின் கீழ் ஆஸ்திரேலிய உதவியோட தொடங்கிய மாடர்ன் பேக்கரீஸ், சென்னை உள்பட பெரிய நகரங்களில் மெஷின் வைத்து ரொட்டி போட்டது. சத்துக்குறைவைப் போக்க வைட்டமின் எல்லாம் சேர்த்தார்கள். பாருங்க, இங்கேயும் மருந்துக் கணக்குதான்! 2000 ஜனவரியில் அதன் 74 சதவீதப் பங்கை இந்துஸ்தான் லீவர் வாங்கியது. பிறகு கை மாறி மாறி, 2021-ல் மெக்சிகோவின் குரூப்போ பிம்போவிடம் போய்ச் சேர்ந்தது.

ரொட்டியைக் கட்டிலிலிருந்து எழுப்பி கடைத்தெருவுக்குக் கூட்டி வந்தவர்கள் ஐயங்கார்கள். ஹாசன் பக்கத்திலிருந்து வந்த எச்.எஸ். திருமலாச்சார் 1898-ல் பெங்களூர் சிக்பேட்டையில் தொடங்கிய பி.பி. ஐயங்கார் பேக்கரிதான் முன்னோடி என்கிறார்கள். முட்டை கிடையாது. காரத்துக்கு வெங்காயம், பச்சை மிளகாய் போட்ட பன். இனிப்புக்கு தேங்காய்த் துருவல் அடைத்த பன். ரொட்டிக்குள்ளே நம்ம நாக்கை வைத்தார்கள், அவ்வளவுதான் ரகசியம். இன்னைக்கு தமிழ்நாட்டில் பெங்களூர் ஐயங்கார் போர்டு இல்லாத ஊர் உண்டா?

ரொட்டி ருசியானது என்று எனக்குப் புரிய வைத்தவன் ஒரு யாழ்ப்பாணத்துக்காரன். டொரொன்டோவில் ஆன்சைட் இருந்தப்போ ரூம்மேட். முதல் வாரமே, "மச்சான், வரேக்க ஒரு பாண் வாங்கிக்கொண்டு வா" என்றான். நான் பீடா என்று நினைத்து, கடை கடையா வெற்றிலை தேடினேன் :-) அப்புறம் அச்சுப் பாணை வாட்டி, இடித்த தேங்காய்ச் சம்பலோட கொடுத்தான். அசந்துட்டேன். அவன் அப்பா 1970-களின் தட்டுப்பாட்டில் விடியக்காலையில் பாணுக்கு வரிசையில் நின்றவராம். அதே கோதுமை, அதே கஷ்டகாலம். எங்க ஆயாவுக்கு ஒவ்வாத கோதுமை, அவங்க வீட்டில் காத்திருந்து வாங்கும் பண்டம்.

வாட்டினால் ஏன் ருசி? மாவிலுள்ள சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்து பழுப்பாகி மணம் கிளப்பும். 1912-ல் பிரான்சின் மெய்யார் விளக்கிய வினை இது. பழைய ரொட்டி விறைப்பாவது காய்ந்துபோவதால் மட்டும் இல்லை, ஸ்டார்ச் மறுபடி இறுகுவதாலும்தான். ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் சீக்கிரம் இறுகும். சூடு காட்டினால் இளகும். பாலில் ஊறவைத்தால் இந்த மணத்துக்கு வழியே இல்லை. நாம் ரொட்டியை வெறுத்ததில் பாதிக் குற்றம் பாலுடையது!

சரி, அப்பா கதைக்கு வருவோம். அன்னைக்கு பிரெட்டைத் தொடவே இல்லை. வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்து, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பேக்கரியில் சுடச்சுட தேங்காய் பன் வாங்கி வந்தேன். டீயில் தொட்டு ஒரு வாய். "இது ரொட்டி இல்லியேடா, நல்லா இருக்கு" என்றார். எல்லாம் ஒரே மாவுதான்ப்பா என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. மீதியையும் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

உங்க வீட்டில் எப்படிங்க? ரொட்டி சாப்பாடா, மருந்தா?