உரக்க வாசிக்கப்பட்ட பட்டியல்



கி.பி. 459 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் திருத்தந்தை முதலாம் லியோ, இத்தாலியின் கம்பானியா, சம்னியம், பிச்சேனம் பகுதிகளின் ஆயர்களுக்குக் கடுமையான மடலொன்றை வரைந்தார். நம் முன்னோர் சிங்கராயர் என்று தமிழில் அழைத்த பெயருக்கு உரியவர் அவர். மனம் வருந்தி வந்தோர் தம் பாவங்களை எழுதிக் கொடுக்க, அந்தப் பட்டியலை மக்கள் முன் உரக்க வாசிக்கும் வழக்கம் அப்பகுதிகளில் நுழைந்திருந்தது. அதனை நிறுத்துமாறு திருத்தந்தை கட்டளையிட்டார். குருவிடம் மறைவில் அறிக்கையிட்டாலே போதும் என்றார். வெட்கத்தாலும், தம் செயல்களை அறிந்த பகைவர் சட்டத்தின் முன் இழுப்பர் என்ற அச்சத்தாலும் பலர் மருந்தையே நாடாமற் போவர் என்பது அவர் கூறிய காரணம்.

இதன் பின்னணியை நாம் அறிய வேண்டும். தொடக்கத் திருச்சபையில் கொலை, விபசாரம், விசுவாச மறுதலிப்பு போன்ற பெரும் பாவங்களைச் செய்தவர் ஆயரிடம் அறிக்கையிட்டபின், தவம் புரிவோரின் வரிசையில் எல்லாரும் காண நிற்க வேண்டியிருந்தது. இத்தகைய மன்னிப்பு வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான். மன்னிப்புப் பெற்ற பின்னரும் மேற்குத் திருச்சபையில் படைப்பணி, திருமணம் ஆகியவற்றில் தடைகள் தொடர்ந்தன. கடவுள் மன்னித்துவிட்டார், ஊர் மறக்கவில்லை. ஆகவே பலர் மரணப் படுக்கைவரை தவத்தைத் தள்ளிப்போட்டனர்.

ஆறாம் நூற்றாண்டில் அயர்லாந்தின் துறவியர் வேறொரு வழியைப் பரப்பினர். ஒருவர் ஒரு குருவிடம் தனியே பேசலாம். மீண்டும் விழுந்தால் மீண்டும் வரலாம். இவ்வாறு மறுபடி மறுபடி மன்னிப்பளிப்பதை 589 இல் ஸ்பெயினின் தொலேதோ சங்கம் கண்டித்தது. எனினும் அவ்வழியே நிலைத்தது. 1215 இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவ அறிக்கை செய்வதைக் கடமையாக்கியது. கேட்டதை வெளியிடும் குருவைப் பணிநீக்கி, வாழ்நாள் முழுதும் தவம் புரியக் கடுமையான மடமொன்றில் அடைக்குமாறும் விதித்தது. பதினாறாம் நூற்றாண்டில் மிலான் பேராயர் புனித சார்லஸ் பொரோமேயோ, குருவுக்கும் அறிக்கையிடுபவருக்கும் இடையே தடுப்பும் கம்பிவலையும் கொண்ட தொட்டியை ஆலயங்களில் அமைக்கச் செய்தார்.

நம் மூத்தோர் இவ்வருட்சாதனத்தைப் பாவசங்கீர்த்தனம் என்றனர். சங்கீர்த்தனம் என்றால் எடுத்துரைத்தல், புகழ்ந்து பாடுதல். சொல் உரத்த சொல். செயலோ மெல்லிய முணுமுணுப்பு. திருச்சபை பல நூற்றாண்டுகளில் கற்றுக்கொண்டது இதுவே: மனிதன் தன்னை மறைத்தே வாழ முடியாது, உண்மையைச் சொல்ல அவனுக்கு ஒரு செவி வேண்டும். ஆனால் ஊரே செவியாகிவிட்டால் அவனால் மாற முடியாது. நேற்றைய அவனையே ஊர் இன்றும் அவன் முகத்தில் தேடும்.

உலகமும் தாமதமாக இதனை உணர்ந்தது. 1888 இல் கோடாக் கையடக்கக் கேமரா விற்பனைக்கு வந்தது. 1890 இல் அமெரிக்க வழக்கறிஞர்களான வாரன், பிராண்டைஸ் இருவரும், உடனடிப் புகைப்படமும் வம்பு பேசும் செய்தித்தாள்களும் இல்லங்களுக்குள் நுழைவதைக் கண்டு, தனியே விடப்படும் உரிமையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினர். 2014 இல் ஐரோப்பிய நீதிமன்றம், ஒருவர் தம் பெயரைத் தேடும்போது வரும் பழைய செய்திகளின் இணைப்புகளை நீக்குமாறு கூகுளிடம் கோரலாம் எனத் தீர்ப்பளித்தது.

அன்று பட்டியலை வாசித்தவர் வேறொருவர். இன்று நாமே எழுதி, நாமே வாசிக்கிறோம். புலம்பெயர்ந்த நமக்கு இதில் நியாயமும் உண்டு. யாழ்ப்பாணத்திலோ தூத்துக்குடியிலோ இருக்கும் பாட்டி பேரனின் புதுநன்மையைக் காண்பது கைப்பேசி தந்த கொடை, அது அன்பு. ஆனால் பாட்டிக்கென எடுத்த படம் முன்பின் அறியாத ஆயிரம் பேருக்கும் போகிறது. சாமத்திய வீட்டுக் காணொளியில் உள்ள சிறுமி நாளை வேலை தேடும் இளம்பெண் ஆவாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. கணவன் மனைவி பிணக்கும் பிள்ளையின் நோயும் குழுக்களில் பகிரப்படுகின்றன. மன்னித்துச் சேர்ந்த பின்னரும் அந்தப் பதிவு நிற்கிறது.

நம்முள் பலர் அகதி விண்ணப்பத்துக்காகத் தம் காயங்களை அதிகாரிகள் முன் மீண்டும் மீண்டும் சொன்னவர்கள். கட்டாயத்தால் தன்னைத் திறந்து காட்டுவதன் வலி அவர்களுக்குத் தெரியும். அந்த வலியை அறிந்த சமூகம் தன் பிள்ளைகளின் உள்ளறையை எளிதாகத் திறந்துவிடலாமா?

எனவே மூன்று வேண்டுகோள்கள். பிள்ளையின் படத்தை இடுமுன் பிள்ளையிடம் கேளுங்கள். பிறருடைய துயரத்தை அவர் அனுமதியின்றிப் பகிராதீர்கள். உங்கள் மனச்சுமையைப் பதிவாக இடுமுன், அதை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் நேரில் சொல்லுங்கள். குருவிடம்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. நல்ல நண்பரும் போதும். குருவிடம் வர விரும்பினால் சனி மாலையில் ஆலயக் கதவு திறந்திருக்கும். அங்கே சொல்வது அங்கேயே நிற்கும்.

இறை ஆசீர் உங்கள் இல்லங்களில் நிலைப்பதாக.

உங்கள் பங்குத்தந்தை