ட்ரோய்க்கா: மூன்று குதிரையும் ஒரு கடிவாளமும்

சூடானின் அரபு நாளிதழ்களில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அடிபடும் ஒரு தொடர் உண்டு: ‘துவல் அத்-த்ரோய்க்கா’. ட்ரோய்க்கா நாடுகள் என்று பொருள். அமெரிக்கா, பிரிட்டன், நார்வே மூன்றையும் சேர்த்துச் சுட்டும் பெயர் இது. மூன்றுமே மேற்கத்திய நாடுகள். பெயர் மட்டும் ரஷ்யச் சொல். ஐ.நா.வில் இந்த நாடுகளோடு அடிக்கடி மோதுகிற நாட்டின் சொல், இவர்களுக்கே எப்படிப் பெயரானது? தேடிப் போனால், வழி காங்கோவையும் அங்கோலாவையும் கடந்து செல்கிறது.

ரஷ்ய மொழியில் ‘த்ரி’ என்றால் மூன்று. ‘த்ரோயெ’ என்றால் மூவர், அல்லது மூன்றாகச் சேர்ந்தவை. அதோடு ‘கா’ விகுதி சேர்ந்து பெயர்ச்சொல் ஆனது ட்ரோய்க்கா. திரிசூலம், திரிகோணம் என்று வடமொழி வழியே நாம் எடுத்துக்கொண்ட ‘திரி’யும் இதுவும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. ரஷ்யப் பேச்சில் இந்தச் சொல் எங்கும் புழங்கும். பள்ளியில் ஐந்துக்கு மூன்று மதிப்பெண் வாங்கினால் அது ட்ரோய்க்கா. கோட்டு, உள்கோட்டு, கால்சட்டை சேர்ந்த முழு உடுப்பும் ட்ரோய்க்கா. சீட்டுக்கட்டில் மூன்றாம் எண் சீட்டும் அதுவே. புஷ்கினின் ‘ஸ்பேட் ராணி’ கதையில் சூதாடியைப் பித்தாக்கும் மூன்று சீட்டுகளில் முதலாவது அது.

உலகம் அறிந்த பொருள் மூன்று குதிரை பூட்டிய வண்டி. நடுக்குதிரை இரண்டு ஏர்க்கால்களுக்கு இடையே நிற்கும். அதன் தலைக்கு மேல் வளைந்த மரச்சட்டம், சட்டத்தில் மணி. நடுக்குதிரை சீரான ஓட்டத்தில் போகும். பக்கக் குதிரைகள் இரண்டும் கழுத்தை வெளிப்புறமாகத் திருப்பிக்கொண்டு பாய்ச்சலில் போகும். மூன்றும் மூன்று திசையைப் பார்த்தாலும் வண்டி நேராகத்தான் ஓடும். கடிவாளம் அத்தனையும் ஒரே ஆளின் கையில் இருப்பதே காரணம். கோகொல் 1842-இல் வெளியிட்ட ‘இறந்த ஆன்மாக்கள்’ நாவலின் முதல் பாகத்தை இந்த வண்டியில்தான் முடித்தார். ரஷ்யாவையே பறக்கும் ட்ரோய்க்காவாக்கி, அது போகுமிடம் எது என்ற கேள்வியை விடையில்லாமல் விட்டுவிட்டார்.

இருபதாம் நூற்றாண்டில் வண்டி மறைந்து குழு வந்தது. லெனின் நோயில் படுத்திருந்த நாட்களில் கட்சியைத் தங்கள் கைக்குள் வைத்திருந்த ஸினோவியேவ், காமனேவ், ஸ்டாலின் மூவருக்கும் இந்தப் பெயர் வந்தது. 1937-இல் அதன் முகம் இருண்டது. உள்துறை அதிகாரி, கட்சிச் செயலாளர், அரசு வழக்கறிஞர் என மூவர் அமர்ந்து, குற்றம் சாட்டப்பட்டவரைக் கண்ணால் பார்க்காமலேயே மரண தண்டனையும் முகாம் தண்டனையும் எழுதித் தள்ளினார்கள். அந்தக் குழுக்களுக்கும் ட்ரோய்க்கா என்றே பெயர். லட்சக்கணக்கானோர் செத்தார்கள். ரஷ்ய முதியவர்களின் காதில் இந்தச் சொல் மணியோசையோடு மட்டும் விழுவதில்லை.

ஆப்பிரிக்காவோடு இந்தச் சொல்லுக்கு உறவு ஏற்பட்டது 1960-இல். அந்த ஆண்டு ஜூன் 30 அன்று காங்கோ பெல்ஜியத்திடமிருந்து விடுதலை பெற்றது. ஒரு வாரத்துக்குள் படைவீரர்கள் கலகம் செய்தார்கள். பெல்ஜியப் படை திரும்பவும் வந்திறங்கியது. ஜூலை 11 அன்று, செம்பு கொழிக்கும் கட்டாங்கா மாகாணம் மொய்ஸ் ஷோம்பே தலைமையில் பிரிந்துபோனது. பெல்ஜியம் வெளியேற வேண்டும், ஐ.நா. படையுதவி தர வேண்டும் என்று ஜூலை 14-இல் பாதுகாப்பு கவுன்சில் 143-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. இதில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஒரே பக்கம் வாக்களித்தன. வாக்களிக்காமல் ஒதுங்கியவை பிரிட்டனும் பிரான்சும் தைவானில் இருந்த சீன அரசும். பனிப்போர் உச்சத்தில் இருந்தபோது, ஓர் ஆப்பிரிக்க நாட்டின் நெருக்கடியைத் தீர்க்க இரு வல்லரசுகளும் கைகோத்த நாள் அது.

கோத்த கை இரண்டு மாதம்கூட நிலைக்கவில்லை. கட்டாங்காவை ஐ.நா. படை அடக்க வேண்டும் என்று பிரதமர் லுமும்பா கேட்டார். பொதுச் செயலாளர் டாக் ஹம்மர்ஷோல்ட் மறுத்தார். லுமும்பா சோவியத் உதவியை நாடினார். செப்டம்பர் 5-இல் குடியரசுத் தலைவர் கசவுபு அவரைப் பதவிநீக்கம் செய்ய, ஐ.நா. அதிகாரிகள் விமான நிலையங்களையும் தலைநகர் வானொலியையும் மூடினார்கள். அடி விழுந்தது லுமும்பாவுக்கு. ஒன்பது நாளில் படைத்தலைவர் மொபுட்டு ஆட்சியைப் பிடித்தார்.

கொதித்துப்போன சோவியத் தலைவர் குருஷ்சேவ் செப்டம்பர் 23 அன்று ஐ.நா. பொதுச் சபையில் ஒரு திட்டத்தை வைத்தார். பொதுச் செயலாளர் பதவியே வேண்டாம். மேற்கு அணிக்கு ஒருவர், சோஷலிச அணிக்கு ஒருவர், நடுநிலை நாடுகளுக்கு ஒருவர் என மூவர் இருக்கட்டும். மூவரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நடக்க வேண்டும். இதற்குத்தான் ட்ரோய்க்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. நாடுகள் நடுநிலையாக இருக்கலாம், மனிதர்கள் இருக்க முடியாது என்பது குருஷ்சேவின் வாதம். காங்கோவில் நடந்ததைப் பார்த்தவர்களால் அதை முழுக்கத் தள்ளிவிட முடியவில்லை. ஆனால் அவர் தந்த மருந்து வீட்டோவைச் செயலகத்துக்குள்ளேயே கொண்டுவந்து வைப்பதாக இருந்தது.

1961 செப்டம்பர் 18-இல் காங்கோ சமரசத்துக்காகப் பறந்த ஹம்மர்ஷோல்ட் இன்றைய சாம்பியாவின் இண்டோலா அருகே விமானம் விழுந்து இறந்தார். ஒரு வாரம் கழித்துப் பொதுச் சபையில் பேசிய அமெரிக்க அதிபர் கென்னடி, குருஷ்சேவின் சொல்லையே எடுத்துத் திருப்பினார்: ட்ரோய்க்காவுக்கும்கூடக் குதிரைதான் மூன்று, ஓட்டுபவர் ஒருவர்தானே என்பது அவர் பேச்சின் சாரம். வேடிக்கையான பதில் என்றாலும் சொல்லின் உயிர்நிலையைத் தொட்டது. பெயர் குதிரையை மட்டும் எண்ணுகிறது. கடிவாளம் யாரிடம் என்பது அதில் இல்லை.

சோவியத் ஒன்றியம் பிடியைத் தளர்த்தியது. பர்மாவின் ஊ தாண்ட் தனியொருவராகப் பொறுப்பேற்றார். அவரைச் சுற்றி அமெரிக்க, சோவியத் உயரதிகாரிகள் ஆலோசகர்களாக அமர்ந்தார்கள். அவருடைய செயலகத் தலைமை அலுவலராக இருந்து அந்த இழுபறிகளை அன்றாடம் சமாளித்தவர் தமிழரான சி.வி. நரசிம்மன்.

முப்பது ஆண்டு கழித்து அதே சொல் அங்கோலாவில் நேரெதிர்ப் பொருளில் வந்தது. 1975 நவம்பர் 11-இல் போர்ச்சுகல் வெளியேறிய நாளிலிருந்தே அங்கே உள்நாட்டுப் போர். லுவாண்டாவில் ஆட்சிசெய்த எம்.பி.எல்.ஏ.வுக்கு சோவியத் ஆயுதமும் கியூபப் படையும். ஜோனாஸ் சவிம்பியின் யூனிட்டாவுக்கு அமெரிக்காவும் தென்னாப்பிரிக்காவும். கோர்பச்சேவ் காலத்தில் காற்று மாறியது. அமெரிக்காவின் செஸ்டர் குராக்கர் முன்னின்று நடத்திய பேச்சில் சோவியத் தூதர்கள் உடனிருந்து ஒத்துழைத்தார்கள். 1988 டிசம்பர் 22-இல் நியூயார்க்கில் அங்கோலா, கியூபா, தென்னாப்பிரிக்கா மூன்றும் கையெழுத்திட்டன. கியூபப் படை வெளியேறவும் தென்னாப்பிரிக்காவின் பிடியிலிருந்த நமீபியா விடுதலை பெறவும் வழி திறந்தது.

அடுத்தது அங்கோலாவின் உள்சண்டை. போர்ச்சுகல் நடுவராக, அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பார்வையாளர்களாக அமர, 1991 மே 31-இல் லிஸ்பனில் பிசேஸ் உடன்பாடு கையெழுத்தானது. இந்த மூன்று நாடுகளுக்கும் ஏற்பட்ட பெயர் ட்ரோய்க்கா. குருஷ்சேவின் வாயில் தடுப்புக்கட்டையாக இருந்த சொல், இங்கே வாஷிங்டனும் மாஸ்கோவும் ஒன்றாக உட்கார்ந்ததற்குப் பெயரானது. உடன்பாட்டில் ‘மூன்று சுழியம்’ என்று பேர்பெற்ற ஒரு விதியும் இருந்தது: அமெரிக்கா கொல்லும் ஆயுதம் எதையும் எந்தத் தரப்புக்கும் தராது, சோவியத்தும் தராது, மற்ற நாடுகளையும் தராமலிருக்கச் சொல்வார்கள். ட்ரோய்க்காவின் வரலாற்றில் உருப்படியான வரி இது என்று சொல்வேன்.

ஏழு மாதத்தில் சோவியத் ஒன்றியமே கலைந்தது. ரஷ்யா அந்த இடத்தில் அமர்ந்தது. மேற்பார்வைக்கு வந்த ஐ.நா. குழுவின் தலைவர் மார்கரெட் ஆன்ஸ்டீ, தனக்குத் தரப்பட்ட 747-ஆம் தீர்மானத்தைக் கேலிசெய்தார்: 747 ஜம்போ விமானத்தைக் கொடுத்துவிட்டுச் சின்ன விமானத்துக்கான எரிபொருளை ஊற்றுகிறார்கள் என்று. 1992 செப்டம்பர் இறுதியில் தேர்தல் நடந்தது. குடியரசுத் தலைவர் தோஸ் சாந்தோஸுக்கு 49.6 விழுக்காடு, சவிம்பிக்கு 40.1. சவிம்பி முடிவை ஏற்கவில்லை. போர் முன்னைவிடக் கொடூரமாக மூண்டது. 1994-இல் லுசாக்கா உடன்பாட்டிலும் அதே ட்ரோய்க்கா சாட்சியாக இருந்தது, அதுவும் முறிந்தது. 2002 பிப்ரவரியில் சவிம்பி சண்டையில் கொல்லப்பட்ட பிறகே, ஏப்ரலில் போர் முடிந்தது.

இதற்குள் சொல் ஐரோப்பியத் தூதர்களின் வாயில் பழகிவிட்டது. முந்தைய, நடப்பு, அடுத்த தலைமை நாடுகளைச் சேர்த்து ஐரோப்பியச் சமூகம் ட்ரோய்க்கா என்றது. 1991-இல் யூகோஸ்லாவியா உடைந்தபோது சமரசம் பேசப் பறந்ததும் அதுதான். இலங்கைப் போரின் இறுதிக் கட்டத்தில் டெல்லிக்கும் கொழும்புக்கும் இடையே மும்மூன்று உயரதிகாரிகள் வைத்துக்கொண்ட தொடர்பையும் ட்ரோய்க்கா என்றே அழைத்தார்கள். அது சமரசத்துக்கான குழு அல்ல. எதற்காகக் கூடினாலும் மூன்று பேர் என்றால் இந்தப் பெயர் போதும் என்றாகிவிட்டது.

இப்படி ரஷ்ய வாடை போன பிறகே சொல் சூடானுக்கு வந்தது. 1983-இல் மூண்ட வடக்கு-தெற்குப் போரை நிறுத்த, கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளின் ‘இகாட்’ அமைப்பு பேச்சை நடத்தியது. முன்பு ஆண்ட நாடு பிரிட்டன். அழுத்தம் கொடுக்க வல்லது அமெரிக்கா. தெற்கில் நீண்டகாலம் உதவிப்பணி செய்தது, அதே ஆண்டுகளில் இலங்கையிலும் சமரசம் பேசிய நார்வே. இந்த மூன்றும் இகாட்டுக்குப் பின்பலமாக நின்றன. பேச்சை நடத்தியவர் கென்யத் தளபதி லஸாரோ சும்பெய்வோ. 2002 ஜூலையில் மச்சாக்கோஸ் உடன்பாடு. பிறகு கென்யாவின் நைவாஷாவில் தெற்கின் கிளர்ச்சித் தலைவர் ஜான் கராங்கும் சூடானின் துணைத் தலைவர் அலி உஸ்மான் தாஹாவும் நேருக்கு நேர் மாதக்கணக்கில் பேசினார்கள். 2004 நவம்பரில் பாதுகாப்பு கவுன்சிலே நைரோபிக்கு வந்து கூடி, ஆண்டு முடிவதற்குள் முடிக்கும்படி இருவரிடமும் உறுதி வாங்கியது. 2005 ஜனவரி 9-இல் இறுதி உடன்பாடு கையெழுத்தானது.

அங்கோலாவோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். அங்கே நடுவரும் பார்வையாளரும் வெளியார். இங்கே கடிவாளம் பக்கத்து நாட்டுத் தளபதியிடம் இருந்தது. வெளியார் மூவரும் இழுக்கும் வேலையை மட்டும் செய்தார்கள். சொல்லுக்கு நேர்ந்த அத்தனை பொருள்களிலும் பழைய வண்டிக்கு மிக நெருக்கமானது இதுதான். அதிகம் சாதித்ததும் இதுதான். அந்த உடன்பாட்டின்படி 2011 ஜனவரியில் தெற்கு மக்களிடம் நடந்த வாக்கெடுப்பில் 98.83 விழுக்காட்டினர் பிரிவை ஆதரித்தார்கள். ஜூலை 9-இல் தெற்கு சூடான் பிறந்தது.

2013 டிசம்பரில் அந்தப் புதுநாட்டிலும் உள்நாட்டுப் போர் மூண்டது. 2015 உடன்பாட்டுக்கு இகாட்டுடன் ஆப்பிரிக்க ஒன்றியம், ஐ.நா., ஐரோப்பிய ஒன்றியம், சீனா, ட்ரோய்க்கா எல்லாம் சேர்ந்து நின்றன. எண்ணெயில் பெரும்பணம் போட்ட சீனா மேசையில் இருந்தது, பெயருக்குள் இல்லை. 2018 உடன்பாட்டின் மேல் நம்பிக்கையில்லாமல் ட்ரோய்க்கா கையெழுத்திடாமலேயே ஒதுங்கியது. அரபு மொழி இதற்கிடையே நுட்பமான ஒரு பாகுபாட்டைச் செய்தது. 2022-இல் ஐ.நா., ஆப்பிரிக்க ஒன்றியம், இகாட் மூன்றும் சூடானில் இணைந்து நடுவராக முயன்றபோது, அதை அரபு எண்ணுப்பெயரால் ‘துலாதிய்யா’ என்றார்கள். அமைப்புகள் மூன்றானால் அரபுச் சொல்; மேற்கு நாடுகள் மூன்றானால் ரஷ்யச் சொல்.

2023 ஏப்ரல் 15-இல் சூடான் இராணுவமும் அதிவிரைவு ஆதரவுப் படையும் மோதத் தொடங்கியபின் எண் மாறியிருக்கிறது. இப்போது செய்திகளில் வருவது ‘ருபாயிய்யா’, அதாவது நால்வர்: அமெரிக்கா, சவூதி அரேபியா, எகிப்து, ஐக்கிய அரபு அமீரகம். 2025 செப்டம்பர் 12-இல் அவர்கள் விட்ட கூட்டறிக்கை, வெளியிலிருந்து வரும் இராணுவ ஆதரவு நிற்க வேண்டும் என்கிறது. ஆனால் எகிப்து இராணுவத்தின் பக்கம். அதிவிரைவு ஆதரவுப் படைக்கு ஆயுதம் தருவதாக அமீரகத்தின் மேல் குற்றச்சாட்டு உண்டு, அமீரகம் அதை மறுக்கிறது.

மூன்று நான்கானதால் சூடானியருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அவர்கள் பார்க்க வேண்டிய எண், 1991-இல் அங்கோலாவுக்கு எழுதப்பட்டுக் காப்பாற்றப்படாமல் போன அந்தச் சுழியம். நால்வரும் அதைத் தங்களிடமிருந்தே தொடங்கினால், அவர்களை என்ன பெயரிட்டு அழைத்தாலும் தகும்.