பாய்க்கப்பலில் ஒரு நாள்: ஃபிக்ஹு நூல்கள் காட்டும் கடல்வாழ்வு

ஓமந்தூரில் நின்று கிழக்கே நோக்குவோருக்கு ஏரியும் நிலக்கடலை வயலும்தாம் புலப்படும், கடல் தெரியாது. ஆயினும் திண்டிவனத்தைச் சூழ்ந்த இந்நிலப்பகுதி பண்டு ஓய்மாநாடு எனப் பெயர் பெற்றுக் கடலோடும் உறவு கொண்டிருந்தது. சிறுபாணாற்றுப்படை கூறும் கிடங்கில் இன்று திண்டிவனத்துள் அடங்கிவிட்டது. அந்நூலின் எயிற்பட்டினத்தை மரக்காணம் என ஆய்வாளர் பலர் கொள்வர். அப்பட்டினத்தில் அலை கொணர்ந்து ஒதுக்கிய அகிற்கட்டைகள் உறங்கும் ஒட்டகங்களுக்கு உவமிக்கப்படுகின்றன. அரபுப் பாடம் நடத்தும் நமக்கு அவ்வுவமையை எளிதில் கடந்துசெல்ல மனம் வருவதில்லை.

இக்கரையிலிருந்து கடல் கடந்தோர் எங்கே சென்றனர், எதை விற்றனர் என்பதைக் கல்வெட்டுகள் ஓரளவு கூறும். கப்பலில் அவர்கள் எதைக் குடித்தனர், எப்போது உறங்கினர், எவ்வாறு இறந்தனர் என்பதை அவை கூறா. இவற்றை அறிய நாம் நாடவேண்டியவை, வரலாற்றாசிரியர்கள் அதிகம் புரட்டாத ஃபிக்ஹு நூல்களாகும்.

எந்த ஃபிக்ஹு நூலிலும் முதற்பாடம் தண்ணீரே. அப்பாடத்தின் தொடக்கத்திலேயே ஒரு கடலோடி நிற்கிறார். தாங்கள் சிறிதளவு நீரையே கப்பலில் எடுத்துச் செல்வதாகவும், அதில் உளூச் செய்தால் தாகத்தால் வாட நேரும் என்றும் கூறி, கடல்நீரில் உளூச் செய்யலாமா என அவர் நபி (ஸல்) அவர்களிடம் வினவினார். கடல்நீர் தூய்மையானது என்றும், அதில் இறந்தவை உண்ண ஆகுமானவை என்றும் அண்ணலார் விடையளித்தார்கள். கேட்டது நீரைப் பற்றி மட்டுமே. விடையோ உணவையும் சேர்த்தே தந்தது. கப்பலின் நிலையை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் சான்று வேறில்லை. கி.பி. 851 ஆம் ஆண்டைச் சேர்ந்த அரபுப் பயணக் குறிப்பொன்று, மஸ்கத்திலிருந்து ஒரு மாதம் ஓடிக் கொல்லத்தை அடையும் கப்பல்கள் அங்கே நன்னீர் ஏற்றியதைக் கூறுகிறது. சீனக் கப்பல்கள் அங்கே செலுத்திய சுங்கம் 1000 திர்ஹம்.

கப்பலில் பொழுதை அளந்தது ‘ஸாம்’ என்னும் அலகு. 1490 வாக்கில் கடல்நூல் எழுதிய இப்னு மாஜித் முதலானோரிடம் ஒரு ஸாம் என்பது மூன்று மணி நேர ஓட்டம்; இரவும் பகலும் சேர்ந்தால் எட்டு ஸாம். நம் சாமமும் அதுவே: அளவு ஒன்று, ஒலியும் அணுக்கமானது. முஅல்லிம் நம்மிடம் மாலுமியானார். சுக்கான் சுக்கானாகவே நின்றது. ஒரே தளத்தில் இருமொழியாளர் பல்லாண்டு தோளுரசி உழைத்தாலன்றிச் சொற்கள் இவ்வாறு கலப்பதில்லை.

தொழுகைச் சட்டங்கள் கப்பலின் ஆட்டத்தையே பதிவு செய்துள்ளன. கப்பல் திரும்பினால் தொழுபவரும் தொழுகைக்குள்ளேயே கிப்லாவை நோக்கித் திரும்ப வேண்டும். இயன்றவர் நின்றே தொழ வேண்டும். தலைசுற்றல் கண்டால் அமரலாம் என்பர் ஷாஃபிஈகள். ஓடும் கப்பலில் காரணமின்றியும் அமர்ந்து தொழலாம் என இமாம் அபூஹனீஃபா (ரஹ்) இசைவளிக்க, அவர்தம் மாணவர் இருவரும் மறுத்தனர். நம் கரையோர மரைக்காயர் ஷாஃபிஈகள்; உள்நாட்டவருள் பெரும்பாலோர் ஹனஃபிகள். ஒரு பாயின் நிழலிலேயே ஒருவர் நின்றும் மற்றவர் அமர்ந்தும் தொழுதிருக்கக் கூடும்.

குடும்பத்தோடு கப்பலிலேயே வாழும் மாலுமி தொழுகையைச் சுருக்கக் கூடாது என்பது இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் கருத்து. வீடு உடன்வரும்போது அவர் பயணியல்லர் அன்றோ! இஃது ஏட்டளவிலான கற்பனையன்று. கோழிக்கோட்டில் தாம் கண்ட சீனப் பெருங்கப்பல்களில் மாலுமிகளின் பிள்ளைகள் வாழ்ந்ததையும், மரத்தொட்டிகளில் கீரையும் இஞ்சியும் வளர்க்கப்பட்டதையும் இப்னு பதூதா எழுதியுள்ளார். வங்கத்திலிருந்து சுமத்ராவுக்கு அவர் குறிக்கும் ஓட்டம் நாற்பது நாள். அதற்குள் கீரையை ஒருமுறை விதைத்து அறுத்துவிடலாம்.

இனி, இறப்பு. கரை எட்டாத நிலையில் இறந்தவரைக் குளிப்பாட்டி, கஃபனிட்டு, ஜனாஸாத் தொழுகை முடித்து, இரு பலகைகளுக்கிடையே வைத்துக் கட்டிக் கடலில் விட வேண்டும் என்றார் இமாம் ஷாஃபிஈ (ரஹ்). அலை கரைசேர்த்தால் எவரேனும் கண்டு அடக்கம் செய்வர் என்பது எதிர்பார்ப்பு. அவர்தம் மாணவர் முஸனீ (ரஹ்) இதற்கு வரம்பிட்டார்: கரையில் முஸ்லிம்கள் வாழ்ந்தால்தான் இவ்வாறு செய்யலாம், இல்லையேல் பாரம் கட்டி ஆழ்த்திவிடுவதே நன்று. அறியாதவர் கரையில் உடல் என்னாகுமோ என்னும் அச்சம் அவரது சொல்லில் தெரிகிறது.

அச்சம் இயல்பே. எனினும், 1344 வாக்கில் இலங்கையிலிருந்து மஅபர் நோக்கி வந்த இப்னு பதூதாவின் கப்பல் நம் சோழமண்டலக் கரையருகே தரைதட்டியது. பாய்மரத்தை வெட்டிக் கடலில் எறிந்தனர். கட்டைகளைப் பிணைத்துத் தெப்பம் செய்தனர். உடன் வந்தோரைத் தெப்பத்தில் அனுப்பிவிட்டு, நன்கு நீந்தத் தெரியாத அவர் இரவு முழுதும் கப்பலின் பின்புறத்தில் ஒடுங்கிக் கிடந்தார். சுல்தான் கியாசுத்தீன் தாமகானி இரண்டு நாள் பயணத் தொலைவில் பாளையமிறங்கியிருந்தார். பொழுது புலர்ந்ததும் படகோட்டி வந்து அவரைக் கரைசேர்த்தவர்கள் அக்கடற்கரைவாசிகள். அவர்களுள் எவரும் முஸ்லிம் அல்லர்.