சோறு, துப்பாக்கி, இரும்பு: வலு குறைவதன் ஒரு சிறு வரலாறு

தில்லி ஹாட்–ஐ.என்.ஏ. மெட்ரோ நிலையத்தில் இறங்கி, அரவிந்தர் மார்க்கின் ஓரமாக இருக்கும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குள் நுழைந்தால், தில்லியில் படிக்கும் தென்னாட்டு மாணவர்கள் யாரையேனும் ஞாயிறு காலையில் கட்டாயம் சந்திக்கலாம். மத்தி மீன், புழுங்கலரிசி, கறிவேப்பிலை, நேந்திரங்காய் வறுவல் எல்லாம் ஒரே கூரையின்கீழ்க் கிடைக்கும் இடம் அது. சென்ற மாதம் வரை நானும் அங்கே அரிசிக்காகவே சென்றுகொண்டிருந்தேன். இப்போது மீனுக்காகச் செல்கிறேன். இந்த மாற்றத்தின் காரணத்தைச் சொல்லப் புகுந்து, இக்கட்டுரை வேறு எங்கோ சென்று சேர்ந்தது.

மூன்றாண்டுகளாக எடைப்பயிற்சி செய்து வருகிறேன். ஆய்வேடு எழுதும் உடல் நாற்காலியிலேயே கரைந்துவிடக் கூடாது என்பதற்காகத் தொடங்கியது. இவ்வாண்டின் தொடக்கத்தில் உடல் எடையைக் குறைக்க முடிவு செய்தேன். கைப்பேசிச் செயலி ஒன்று நாளொன்றுக்கு 1,500 கலோரி என்று இலக்கு வகுத்தது. ஏழு வாரங்களில் 78 கிலோவிலிருந்து 71 கிலோவுக்கு வந்தேன். அதே ஏழு வாரங்களில் டெட்லிஃப்டில் நான் தூக்கிய எடை 130 கிலோவிலிருந்து 115 ஆயிற்று. ஐந்து முறை தூக்கிய எடையை இரண்டு முறைக்குமேல் தூக்க இயலவில்லை. உடன் பயிலும் ஒருவர் அனுதாபத்தோடுதான் சொன்னார்: சோறு தின்று வளர்ந்த மதராஸி உடம்பு அவ்வளவுதான் தாங்கும், வருந்த வேண்டாம் என்று.

அவர் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த வாக்கியம் அவருடையதன்று. அதற்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு வயது.

1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாகவும், பிறகு 1893 வரை இந்தியப் படை முழுமைக்கும் தளபதியாகவும் இருந்தவர் பிரெடரிக் ராபர்ட்ஸ். தெற்கத்திச் சிப்பாய்கள் போர்க்குணம் அற்றவர்கள் என்பது அவருடைய உறுதியான கருத்து. 1897இல் வந்த தன்வரலாற்றிலும் அதை ஒளிக்கவில்லை. 'போர்க்குடிகள்' என்னும் கோட்பாடு வலுப்பெற்ற அந்நாள்களில் படைக்கு ஆள் எடுப்பது வடக்கு நோக்கி நகர்ந்தது. கர்நாடகப் போர்களிலும் மைசூர்ப் போர்களிலும் கம்பெனிக்காகப் போரிட்ட சென்னைப் படை படிப்படியாகச் சுருங்கியது. முன்பு வென்றவர்களின் வழிவந்தோர் பின்னாளில் 'இயல்பிலேயே' வலுவற்றவர்கள் ஆனது எப்படி என்று யாரும் வினவியதாகத் தெரியவில்லை.

இக்கோட்பாட்டுக்கு ஆய்வகச் சான்று கிடைத்துவிட்டதாகப் பலர் எண்ணிய இடம் நம் குன்னூர். அங்கே ராபர்ட் மெக்காரிசன் 1920களில் எலிகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் இந்தியாவின் ஒரு பகுதி மக்களுடைய உணவை அளித்து வளர்த்தார். சீக்கியர் உணவில் வளர்ந்த எலிகளின் சராசரி எடை 235 கிராம். பட்டாணியர் உணவு, மராட்டியர் உணவு என்று வரிசை இறங்கிக்கொண்டே வந்து, கடைசியில் 155 கிராமோடு நின்றவை 'மதராஸி' எலிகள். கோதுமை, பால், பருப்பு, கீரை ஒருபுறம். தீட்டிய அரிசியும் சொற்பக் காய்கறியும் மறுபுறம். 1936இல் இலண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளிலும் அவர் இதை விளக்கினார். அந்தப் பட்டியல் பாடநூல்கள் வழியாகவும் பேச்சுவழக்கு வழியாகவும் பரவி, எங்கள் உடற்பயிற்சிக்கூடம் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

ஆனால் அந்தச் சோதனை உண்மையில் காட்டியது என்ன? எல்லா எலிகளும் ஒரே வளர்ப்பிலிருந்து வந்தவை. சீக்கிய எலி, மதராஸி எலி என்று இரண்டு இனம் கிடையாது, தட்டுதான் வேறு. உடலமைப்பின் வேறுபாட்டுக்கு உணவே முதற்காரணம் என்பதுதான் மெக்காரிசனின் முடிவு. இனக் கோட்பாட்டை வெட்ட வேண்டிய கத்தியை, அக்கோட்பாட்டின் உறையிலேயே செருகிவிட்டார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'மதராஸி உணவு' என்று அவர் எடுத்துக்கொண்டது, வசதியான வீட்டின் உணவன்று, ஏழையின் உணவு. வர்க்கத்துக்கு வட்டாரத்தின் பெயரைச் சூட்டியதே அந்தப் பட்டியலின் பெருங்குறை என்பேன். மேலும், வளரும் எலியின் எடை வேறு, வளர்ந்த மனிதனின் வலிமை வேறு.

இங்கேதான் சந்தையின் பெயருக்கு வருகிறேன். ஐ.என்.ஏ. என்ற மூன்றெழுத்து இந்திய தேசிய ராணுவத்தைக் குறிக்கும் என்பது பெருவழக்கான விளக்கம். மீன் வாங்க வருவோரில் பெரும்பாலோருக்கு அது வெறும் ஒலிக்கூட்டம். சுருக்கப்பெயர்கள் பொருளை இழந்து இடப்பெயராவது மொழியியலில் புதிதன்று. ஆனால் அந்தப் படைக்கு 1943இல் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து திரண்டு வந்தவர்களில் பெருந்தொகையினர் தமிழர். ராபர்ட்ஸ் எந்த மக்களைப் படைக்கு ஆகாதவர்கள் என்றாரோ, அவர்களின் பேரப்பிள்ளைகள். அவர்களுடைய அண்ணன் தம்பியர் அதே காலத்தில் சயாம்–பர்மா ரயில்பாதையில் 415 கிலோமீட்டர் நீளத்துக்குக் காட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். பாறை உடைத்தல், மண் சுமத்தல், மரம் இழுத்தல் எனக் கடுமையான வேலை. அதற்குக் கிடைத்ததோ அரைவயிற்றுச் சோறு. பல்லாயிரம் தமிழர் அங்கேயே மடிந்தனர். அந்த ரயிலுக்குப் பிடித்துச் செல்லப்படாமல் தப்புவதற்காகவே படையில் சேர்ந்தோரும் உண்டு.

1944 மார்ச்சில் ஜப்பானியப் படை இம்பாலை நோக்கிப் புறப்பட்டபோது உடன் சென்ற ஐ.என்.ஏ. முதல் டிவிஷனில் இருந்தவர்கள் பெரும்பாலும் பழைய பிரித்தானிய இந்தியப் படையின் போர்க்கைதிகள். அதாவது, 'போர்க்குடிகள்' என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே அதில் மிகுதி. இதைக் கவனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். ஜப்பானியத் தளபதி முதாகுச்சி மூன்று வாரத்தில் இம்பால் விழும் என்று கணக்கிட்டார். உணவும் அந்தக் கணக்குக்கே. காந்தி பிரிகேடு வீரர்கள் கனரகத் தளவாடங்களை விட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு துப்பாக்கி, 50 தோட்டா, ஒரு கம்பளியோடு மலையேறினார்கள். ஷா நவாஸ் கானின் சுபாஷ் பிரிகேடு சின் மலைகளில், ஹாக்கா, ஃபலம் பகுதிகளைக் காத்து நின்றது. வாகனம் இல்லாததால் தங்கள் உணவைத் தாங்களே மலைமீது சுமந்து சென்றார்கள். அந்த உணவைச் சுமப்பதற்கே உணவில் ஒரு பங்கு செலவாயிற்று.

மழை தொடங்கியது. மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் வந்தன. ஜூலையில் பின்வாங்க உத்தரவு வந்தபோது, போர்முனைக்குச் சென்ற ஏறத்தாழ 6,000 பேரில் களத்தில் இறந்தோர் ஏறத்தாழ 400 என்றும், பட்டினியாலும் நோயாலும் இறந்தோர் ஏறத்தாழ 1,500 என்றும் வரலாற்று நூல்கள் கணக்குத் தருகின்றன. திரும்பியவர்களிலும் பெரும்பாலோருக்கு மருத்துவமனை தேவைப்பட்டது. மேமியோவில் அவர்களுக்குச் செவிலியராக நின்றவர்களில் ஜான்சி ராணி படையின் பெண்களும் உண்டு. அவர்களில் மலாயாத் தமிழ்ப் பெண்கள் பலர். 'வலுவான' இனத்தவரை 'வலுவற்ற' இனத்தவர் தாங்கிப் பிடித்த அக்காட்சியை ராபர்ட்ஸின் கோட்பாடு எப்படி விளக்கியிருக்கும் என்று அறிய ஆவல்.

அந்தப் பின்வாங்கல் முடிந்த சில மாதங்களில், 1944 நவம்பரில், அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களைத் திரட்டினார். போரில் ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடங்கொடாத தன்னார்வலர்கள் அவர்கள். முதலில் மூன்று மாதம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3,200 கலோரி. பிறகு 24 வாரம் ஏறத்தாழ 1,570 கலோரி. உருளைக்கிழங்கு, ரொட்டி, டர்னிப், மக்ரோனி. வாரத்துக்கு 22 மைல் நடக்க வேண்டும். உடல் எடையில் ஏறத்தாழ கால் பங்கு போயிற்று.

கீஸ் பிடிவலிமையையும் முதுகுவலிமையையும் கருவிகொண்டு அளந்தார். ஓடும் திறனையும் படியேறும் திறனையும் தனியே அளந்தார். பிடியும் முதுகும் எடையோடு ஏறக்குறைய ஒட்டியே சரிந்தன. தாங்கி உழைக்கும் திறனோ அதைவிடப் பலமடங்கு விழுந்தது. இந்த வேறுபாட்டைப் படித்தபோது நம் மொழியின் நினைவு வந்தது. காய்ச்சலில் கிடந்தெழுந்தவர் 'வலு இல்லை' என்று சொல்வதில்லை. 'தெம்பு இல்லை' என்பார். ஒரு மூட்டையை ஒருமுறை தூக்குவது வலு. அதைத் தூக்கிக்கொண்டு ஊர்போய்ச் சேர்வது தெம்பு. பசி முதலில் தொடுவது தெம்பைத்தான். நான் ஐந்து முறை தூக்கியதை இரண்டு முறையாகக் குறைத்ததும் அதுவே. தசையில் சேமித்த கிளைகோஜன் வற்றினால் முதலில் குறைவது எண்ணிக்கை.

1,570 என்ற எண்ணில் நெடுநேரம் நின்றுவிட்டேன். கீஸ் 1950இல் வெளியிட்ட இரண்டு பெருந்தொகுதிகள் பட்டினியின் உயிரியல் என்று தலைப்பிட்டு ஆராய்ந்த அளவும், என் கைப்பேசி 'இலக்கு' என்று வாழ்த்துச் சொல்லித் தந்த அளவும் ஏறக்குறைய ஒன்று. இரண்டையும் சமப்படுத்துவது பிழை. அவர்கள் மெலிந்த இளைஞர்கள், 24 வாரம் தொடர்ந்தார்கள்; என்னிடம் கரைக்கக் கொழுப்பு இருந்தது, எந்த இரவிலும் எழுந்து ஒரு தோசை சுட்டுக்கொள்ளலாம். சின் மலையில் நின்றவரோடு என்னை ஒப்பிடுவது ஆபாசம். நான் சொல்ல வருவது சிறியது: மூவர் உடலிலும் நடந்தது ஒரே கணக்கு. அதில் சீக்கியன், தமிழன், அமெரிக்கன் என்ற பத்தி இல்லை. மனவுறுதி என்ற பத்தியும் இல்லை.

என் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். 78 கிலோ உடல் 130 கிலோ தூக்கியது. உடல் எடையைப் போல் 1.67 மடங்கு. 71 கிலோ உடல் 115 கிலோ தூக்கியது, 1.62 மடங்கு. இழப்பு இருக்கிறது, ஆனால் நான் அஞ்சிய அளவுக்கு இல்லை. உண்மையான தவறு வேறிடத்தில். என் புரதம் நாளொன்றுக்கு 55 கிராமைத் தாண்டவில்லை. ஐ.சி.எம்.ஆரும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் பரிந்துரைத்தது உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம்; அதுவும் பட்டினி கிடந்து பளு தூக்காதவர்களுக்கு. (அந்த நிறுவனமே குன்னூர் ஆய்வகத்தின் வழித்தோன்றல், 1958இல் ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது.) வேகமும் தவறு. 2011இல் வெளியான நார்வே ஆய்வொன்றில், வாரம் 0.7 சதவீதம் எடை குறைத்த விளையாட்டு வீரர்களுக்குக் கொழுப்பற்ற உடல்நிறை 2.1 சதவீதம் கூடியது, வாரம் 1.4 சதவீதம் குறைத்தவர்களுக்குக் கூடவில்லை. நான் இரண்டாவது குழுவின் வேகத்தில் ஓடியிருக்கிறேன். 2016இல் வந்த கனடா ஆய்வு, தேவையைவிட 40 சதவீதம் குறைவாக உண்டு நான்கு வாரம் கடுமையாகப் பயின்ற இளைஞர்களை ஒப்பிட்டது. கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் உண்டவர்களுக்குத் தசை கூடிற்று, 1.2 கிராம் உண்டவர்களுக்கு அப்படியே இருந்தது. வலிமையில் மட்டும் இரு குழுவுக்கும் பெரிய வேறுபாடில்லை. பளுவைக் குறைக்காமல் பயின்றால் வலுவை ஓரளவு பிடித்து வைக்கலாம் என்று இதை வாசிக்கிறேன்.

'டயட்' என்ற சொல் வருமுன் நம்மிடம் 'பத்தியம்' இருந்தது. சித்த மருத்துவர் பத்தியம் சொன்னால் எதைத் தள்ள வேண்டும் என்பதோடு எதைச் சேர்க்க வேண்டும் என்பதையும் சொல்வார். டயட் என்று பேசத் தொடங்கியபின் தள்ளுவது மட்டுமே எஞ்சியது. நான் தள்ளியவற்றில் சோறுதான் முதலிடம். அந்த நண்பரின் வாக்கியத்தை மறுத்துக்கொண்டே அதற்குக் கீழ்ப்படிந்தும் இருந்திருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது.

இப்போது நாளொன்றுக்கு 2,000 கலோரி. மதியம் அளந்த சோறு, இரண்டு வேளை மீன் அல்லது முட்டை, இரவில் கொண்டைக்கடலை. ஐந்து வாரத்தில் எடை 71இலிருந்து 69.5. சென்ற வியாழனன்று 120 கிலோவை மூன்று முறை தூக்கினேன். ஞாயிறன்று ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மலையாளக் கடைக்காரர் வழக்கமான அரிசிப் பையை எடுத்துவைத்துவிட்டு, இன்றும் மத்தி மட்டும்தானா என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன்.