ரெண்டு கடல், ரெண்டு ஆட்டம்

பாம்பன்காரனுக்குக் கடல் ரெண்டு. வாடைக்காத்துக்கு வடகடல் பொங்கும், தென்கடல் அடங்கும். சோழகக்காத்துக்கு அப்படியே மாறும். ஆளுக்கொரு முறை சொந்த மைதானத்தில் ஆடி, கோல்களைக் கூட்டிப் பார்க்கும் கால்பந்து முறையை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன்.

தென்னமெரிக்காவின் இரு கோப்பைகளை வென்ற கிளப்புகள் மோதும் ரெகோபா இறுதி இன்றும் அப்படித்தான். 2024இல் 2,700 மீட்டர் உயரத்துக்கும் மேலுள்ள கித்தோவில் எல்டியு 1-0 என வென்றது. ஒரு வாரத்தில் ரியோவில் ஃப்ளுமினென்சே 2-0. கோப்பை ரியோவுக்கு.

நம்ம சென்னையின் எஃப்சி, 2020 ஐஎஸ்எல் அரையிறுதியில் கோவா அணியைச் சென்னையில் 4-1 வென்று, கோவாவில் 2-4 தோற்று, மொத்தத்தில் 6-5 எனக் கரையேறியது. இறுதியோ ஒரே ஆட்டம். கொரோனாவால் ஆளில்லாத கோவா மைதானம். ஏடிகே 3-1. எனக்கு அது இன்னும் பாதி ஆட்டமாத்தான் தெரியுது.