குரோமிய முலாமும் கூட்டுப் பொருள்களும்

மிதிவண்டியின் கைப்பிடியிலும் தண்ணீர்க் குழாயின் திருகிலும் நீலம் கலந்த வெண்மையாய் ஒளிர்கின்றதே, அந்தக் குரோமிய முலாம் நம்மிற் பலர் எண்ணுவதுபோல் தடித்த பூச்சன்று. அழகுக்காகப் பூசப்படும் முலாத்தின் கனம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் 2,000-இல் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை. பளபளப்பைத் தருவது அடியிலுள்ள நிக்கல். அது மங்காமற் காப்பதே குரோமியத்தின் பணி. இந்த மெல்லிய படலத்தை நம்பிக்கையோடு படியவைக்க அறிஞர்கள் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் முயன்றனர்.

1797-இல் பிரெஞ்சு அறிஞர் வோக்லன் கண்டறிந்த இவ்வுலோகத்தை, 1854-இல் ஜெர்மானிய அறிஞர் பூன்சன் குளோரைடுக் கரைசலிலிருந்து மின்சாரத்தால் பிரித்தெடுத்தார். 1856-இல் கொய்தர் என்பார் குரோமிக் அமிலத்திலிருந்தும் அதனைப் பெற்றார். பின்வந்தோர் செய்தபோதோ ஒருகால் படிந்தது; ஒருகால் படியவில்லை. காரணம் வியப்பானது. அக்காலத்தில் குரோமிக் அமிலத்தைச் செய்யக் கந்தக அமிலம் பயன்பட்டது. அதன் எச்சம் கலந்திருந்தால் உலோகம் படியும். அமிலம் முற்றும் தூயதாயின் படியாது! தூய்மையே தடையாய் நின்றது.

அமெரிக்காவில் சார்ஜென்ட் 1920-இல் வெளியிட்ட ஆய்வும், கொலம்பியாப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஃபிங்க் 1926-இல் பெற்ற காப்புரிமையும் இம்முடிச்சை அவிழ்த்தன. லிட்டருக்கு 250 கிராம் குரோமிக் அமிலம் என்றால், கந்தக அமிலம் 2.5 கிராம், அதாவது நூற்றுக்கு ஒன்று. குழம்புக்கு உப்பு எப்படியோ அப்படித்தான். மிகுந்தால் பள்ளமான இடங்களில் முலாம் ஏறாது. குறைந்தால் பழுப்புக் கறை தோன்றும்.

தொழில் பெருகியது, கூடவே ஒரு கேடும் பெருகியது. தொட்டியிற் செலுத்தும் மின்சாரத்தில் பத்து முதல் இருபது விழுக்காடே குரோமியத்தைப் படியவைக்கிறது. எஞ்சியதிற் பெரும்பகுதி ஹைட்ரஜன் குமிழிகளை எழுப்புகிறது. குமிழிகள் வெடிக்குந்தோறும் அமிலத் திவலைகள் பனிபோல் மேலெழும். அதைச் சுவாசித்த தொழிலாளர்களின் மூக்கின் நடுச்சுவர் புண்ணாகித் துளைபட்டதை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் 1928-ஆம் ஆண்டு ஆய்வு விளக்கியது. பளபளப்பைக் கண்டு மகிழ்ந்தவர்களில் எத்தனை பேர் அந்த மூக்குகளை எண்ணினார்களோ!

இதற்கும் கூட்டுப் பொருளையே நாடினர். கரைசலின் பரப்பு இழுவிசையைக் குறைத்தால் குமிழி மெல்ல உடையும், திவலை தெறிக்காது. சாதாரணச் சவர்க்காரத்தைக் குரோமிக் அமிலம் சிதைத்துவிடும். எனவே 1950-களில், கார்பனும் ஃபுளூரினும் இறுகப் பிணைந்த சேர்மங்கள் தொட்டிக்குள் வந்தன. அவை பனியை அடக்கின. நல்ல மருந்துதான். ஆயினும் அமிலத்தாலும் அழியாத அப்பொருள், கழிவுநீரோடு வெளியேறிய பின் மண்ணிலும் நீரிலும் உயிரினங்களின் உடலிலும் அழியாமலே தங்கிற்று. அவற்றுள் முதன்மையான பி.எஃப்.ஓ.எஸ். என்பதை ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2009-இல் கட்டுப்பாட்டுப் பட்டியலிற் சேர்த்தது. எந்தக் குணத்துக்காக அதை விரும்பினார்களோ, அந்தக் குணமே குற்றமாயிற்று. இவ்வரலாற்றில் என்னை மிகவும் உறுத்தும் இடம் இதுவே.

அறுதிறன் குரோமியச் சேர்மங்கள் மனிதருக்குப் புற்றுநோய் தருவன என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1990-இல் வகைப்படுத்தியது. 1970-களிலிருந்தே, நச்சுத்தன்மை மிகக் குறைந்த முத்திறன் குரோமியத் தொட்டிகளும் தொழிலுக்கு வந்திருந்தன. பூன்சன் தொடங்கிய வழிக்கே தொழில் திரும்பிற்று எனலாம். இங்கும் போரிக் அமிலம் முதலிய துணைப்பொருள்கள் இன்றியமையாதவை. முலாத்தின் நிறந்தான் சற்றுக் கருமை கலந்து நிற்கிறது. பழைய நீலச்சாயலை வரவழைக்கப் புதிய கூட்டுப் பொருள்களைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.